கூரையின் கீழ் குடியிருந்தபடியே

கடலில் வாழ்வோர்க்கும் மலையில் வாழ்வோர்க்கும் பொதுவான தொல்லை ஒன்றுண்டு. தாம் குடியிருக்கும் இடத்தை விட்டு வெளியேறாமலே அதனைப் பழுதுபார்க்க வேண்டிய நிலை இருவர்க்கும் ஏற்படுகின்றது. சிறிய பாய்ப்படகொன்றையே வீடாகக் கொண்டு சமுத்திரங்களைக் கடக்கும் குடும்பங்கள் உலகில் பல உள. ஆண்டின் முதல் மாதங்களில் அத்தகைய படகுகள் சில காலித் துறைமுகத்திலும் வந்து தங்கிச் செல்வதுண்டு. அப்படகுக்காரர் ஆண்டுக்கொருமுறை படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசி, பாய்மரக் கயிறுகளையும் கம்பிகளையும் சோதித்து, கசிவுகளை அடைக்கின்றனர். உறங்கும் பலகைமீதுதான் உளியும் சுத்தியலும் கிடக்கும்; சமைக்கும் இடத்திற்றான் வர்ணப்பேணி இருக்கும். ஆகவே அவர்கள் கைக்கொள்ளும் விதி ஒன்று: ஒரு நாளில் ஓரிடத்தை மட்டுமே திறப்பர், மாலைக்குள் அதனை மூடிவிடுவர்.

இவ்விதி தமிழருக்குப் புதியதன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே நெடுங்காலம் பாய்விரித்தோடிய தோணிகளும் தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும். பலகைகளின் இணைப்பிலே பஞ்சுத் திரியை அடைத்து இறுக்கி, அடுத்த பருவத்துக்கு அவற்றை ஆயத்தம் செய்வர். காற்று எப்போது மாறும் என்பதைக் கொண்டே வேலையின் நாள் குறிக்கப்பட்டது.

கடலிலிருந்து புறப்படும் அதே தென்மேற்குக் காற்றுத்தான் வட்டவளையின் தகரக் கூரைகளையும் வந்து தாக்குகின்றது. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், கலபொடவுக்கும் றொசல்லைக்கும் இடையே, ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் வட்டவளை அமைந்துள்ளது. மேற்குச் சரிவில் இருப்பதால், ஈரம் சுமந்த காற்று மலையில் முட்டி மேலெழுந்து குளிரும் இடமாக அது ஆகிவிட்டது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையொட்டிய மழை, சில ஆண்டுகளில் அதனையும் தாண்டிய மழை, அங்கே பெய்கின்றது. இது கொழும்பிற் பெய்வதன் இரு மடங்கு. மேலும் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இதிற் பாதியளவேனும் பெய்வதில்லை என்றால் பலர் வியப்படைவர். உயரமன்று, காற்றுக்கு எதிர்முகமாக நிற்பதே மழையை வருவிக்கின்றது.

இம்மழையின் கீழ் நிற்பவை லயங்கள். கோப்பிக் காலத்தில் மண்ணும் மானாப்புல்லும் கொண்டு தொடங்கி, பின்னர் கற்சுவரும் நெளிதகரமுமாக எழுப்பப்பட்ட இந்த வரிசைக் குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். நூறாண்டைக் கடந்தவையும் அவற்றுள் உண்டு. ஒரு காம்பராவும் அதன் இஸ்தோப்பும் சேர்ந்து 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட கூரையின் கீழ் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அக்கூரைமீது மட்டும் ஏறத்தாழ 1,850 இலீற்றர் நீர் விழும். பெரிய எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒன்பதை நிரப்பும் நீர் அது. பத்துக் காம்பரா கொண்ட லயம் அன்றைக்கு 18,500 இலீற்றர் நீரைத் தன் முதுகிற் சுமந்து இறக்கிவிடுகின்றது. ஆண்டுக் கணக்கோ ஒரு குடும்பத்துக்கு 90,000 இலீற்றரைத் தாண்டும். இதிலே நூறில் ஒரு பங்கு உள்ளே ஒழுகினாலும் பாயும் படுக்கையும் பிள்ளையின் புத்தகமும் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஊறும் ஈரம் குழந்தைகளின் நெஞ்சிலே இருமலாகவும் முதியோரின் மூச்சிலே இழுப்பாகவும் தங்கிவிடுகின்றது.

தகரம் என்று வழக்கிற் சொல்லப்படுவது உண்மையில் தகரமன்று; நாகம் எனப்படும் துத்தநாகம் முலாமிட்ட இரும்புத் தகடாகும். இந்த நாகத்தின் இயல்பை அறிந்துகொண்டால் கூரைப் பராமரிப்பிற் பாதி விளங்கிவிடும். ஈரம் பட்ட இடத்தில் நாகமும் இரும்பும் சேர்ந்திருக்குமாயின், நாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். பாய்ப்படகுக்காரர் படகின் அடியில் ஒரு நாகக்கட்டியைப் பொருத்தி வைப்பதும் இதன் பொருட்டே. கடல்நீர் அக்கட்டியைத் தின்னும், சுக்கானின் உலோகத்தை விட்டுவிடும். ஆண்டுதோறும் தேய்ந்த கட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவர். கூரைத் தகட்டிலோ நாகக்கட்டியை மாற்ற வழியில்லை. மெல்லிய முலாம் தீர்ந்துவிட்டால், பின்னர் இரும்பே மழைக்கு இரையாகும்.

ஆதலால் தகட்டின் நிறத்தைப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லலாம். புதுத் தகடு பளபளக்கும். சில காலம் சென்றதும் மங்கிச் சாம்பல் நிறமாகும். அது நல்ல நிலையே. வெண்பொடி பூத்தால் நாகம் கரைகின்றது என்பது பொருள். பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டும் வேளையே வர்ணம் பூச வேண்டிய வேளை. முழுதும் செம்பழுப்பாகிய பின் பூசும் வர்ணம், நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டது போன்றது. பளபளக்கும் புதுத் தகட்டிலும் வர்ணம் ஒட்டாது. ஓராண்டு வெயிலும் மழையும் பட்டு மங்கிய பின் பூசினாற்றான் பிடிக்கும். செம்பு நாகத்துக்குப் பகை. முன்னாளில் வானொலிக்கு ஏரியல் கட்டுவதற்காகக் கூரைமீது செப்புக் கம்பியை இழுத்துக் கட்டிய வீடுகள் பலவற்றில், கம்பியிலிருந்து நீர் சொட்டிய வழியிலே தகடு அரித்துப்போயிற்று. வானொலி கேட்ட இன்பத்துக்குக் கூரை கொடுத்த விலை அது.

தகடு மேலிருந்து மட்டும் அழிவதில்லை. லயத்துள் விறகடுப்பு எரியும்போது எழும் புகை, போக்கிடமின்றித் தகட்டின் அடியில் கரியாகப் படிகின்றது. முதுகோடு முதுகாக அமைந்த இரட்டை லயங்களில் இக்குறை மிக அதிகம். பின்சுவரில் சன்னல் வைக்க அங்கே இடமே இல்லை. கரியோடு ஈரம் சேரும்போது அது புளிப்புத்தன்மை பெற்றுத் தகட்டைத் தின்னும். கோலின் நுனியில் துணியைச் சுற்றி ஆண்டுக்கொரு முறையேனும் அடிப்பக்கக் கரியைத் துடைத்தெடுப்பது பெரிய செலவில்லாத காரியம்.

இனி, ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை. நீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்குமென்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அது தவறு. ஓட்டையிற் புகுந்த நீர் தகட்டின் அடியிலோ மரச்சட்டத்தின்மீதோ ஊர்ந்து வந்து, தடைப்பட்ட இடத்திற்றான் சொட்டுகின்றது. ஆகவே சொட்டும் இடத்திலிருந்து கூரையின் மேல்நோக்கியே தேட வேண்டும். மழை பெய்யும்போது கரிக்கட்டியினால் நீர்த் தாரையின் வழியைத் தகட்டின் அடியிற் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வெயில் அடிக்கும் நாளில் எந்த இடமென்று ஒருவர்க்கும் நினைவிராது. பின்னர் பகலிலே கதவையும் சன்னலையும் சாத்தி உள்ளே நின்று பார்த்தால் ஆணித்துளைகள் விண்மீன்களைப் போல மின்னும். உள்ளிருப்பவர் அத்துளையின் வழியே ஒரு துடைப்ப ஈர்க்கை மேலே செலுத்தினால், கூரைமேல் இருப்பவர் அதனைக் கண்டு அடைக்கலாம்.

மழையே இல்லாத குளிர்ந்த விடியற்காலையில் சொட்டுமானால் அது ஒழுக்கன்று, கூரையின் வியர்வை. அடுப்பின் ஆவியும் உறங்குவோர் மூச்சும் குளிர்ந்த தகட்டிற் பட்டு நீராகின்றன. இதற்குத் தாரைப் பூசிப் பயனில்லை. காற்று வெளியேற வழி செய்வதே மருந்து. ஆனால் குளிருக்கு அஞ்சி, இருக்கும் இடைவெளியையும் சாக்கினால் அடைத்துவிடும் வழக்கமே எங்கும் காணப்படுகின்றது.

சிறு துளைகளை அடைப்பதற்குத் துருவைக் கம்பித் தூரிகையினாற் சுரண்டித் துடைத்து, தாரில் தோய்த்த பருத்தித் துணியை ஒட்டி, அதன்மேல் மீண்டும் தார் பூசுதல் பழைய முறையாயினும் நம்பத்தக்கது. சீமெந்து வைத்து அடைப்பது வேண்டாத வேலை. 8 அடித் தகடொன்று இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீண்டு சுருங்குகின்றது. தகடு நாள்தோறும் அசைய, சீமெந்து அசைய மறுக்கின்றது; வெடித்து விலகுகின்றது. அன்றியும் ஈரச் சீமெந்தின் காரம் நாகத்தைத் தின்றுவிடும். அதே அசைவுதான் ஆணிகளையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றது. ஆணி தகட்டின் மேட்டில் இருக்க வேண்டும். நீரோடும் பள்ளத்தில் இருத்தலாகாது. தளர்ந்த ஆணியை அதே துளையில் மீண்டும் அடிப்பதிலும், சற்றுப் பெரிய ஆணியை வளையத்தோடு இறுக்குதல் மேல்.

கூரைமேற் கல்லும் பழைய டயரும் மணல் மூட்டையும் ஏற்றி வைத்திருக்கும் காட்சி மலைநாடெங்கும் உண்டு. காற்று தகட்டைப் பெயர்த்துவிடும் என்னும் அச்சத்தினால் வைக்கப்பட்டவை அவை. அச்சம் நியாயமானதே, பரிகாரந்தான் சரியன்று. பாரத்தின் அடியில் ஈரம் உலராமல் நின்று, வெளிக்குத் தெரியாமலே தகட்டை அரிக்கின்றது. பிளாத்திக்கு விரிப்பை மேலே போர்த்துவதும் இத்தகையதே. காற்று முதலிற் பெயர்ப்பது கூரையின் ஓரத் தகட்டையாகும். ஓரத்திலும் முகட்டிலும் ஆணிகளை நெருக்கமாக இட்டு, சட்டத்தைச் சுவரோடு கம்பியாற் பிணைத்தால் கல்லுக்கு வேலையில்லை. தகடு மாற்றும்போது, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் திறந்த விளிம்பு தென்மேற்குக்கு முதுகுகாட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்விளிம்பு காற்றுக்கு எதிரே வாய்திறந்து நிற்குமாயின் நல்ல தகடும் ஒழுகும்.

இவ்வேலைகளுக்குரிய காலம் தையும் மாசியுமாகும். பங்குனியிற் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். வைகாசியிலோ பருவமழை வந்துவிடும். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நல்ல வழக்கமே. எனினும் ஒழுக்கை அடைக்காமல் வெள்ளையடிப்பது, அடுத்த மழைக்குச் சுவரிலே பழுப்புக் கோலம் போட இடம் ஆயத்தம் செய்வதாகவே முடியும். கூரை முதலில், சுவர் பின்னர். மாசியிற் காமன் ஊன்றும் நாளைக் கூரைவேலையின் கடைசி நாளாகக் கொண்டால், கூத்து நடக்கும் இரவுகளில் மனக்கவலை இராது.

குடியிருந்தபடியே செய்யும் வேலையாதலால் படகுக்காரரின் விதி இங்கும் செல்லும். முழுக் கூரையையும் ஒரே நாளிற் பிரித்தல் ஆகாது. இரண்டு தகடுகளைக் கழற்றி, அவ்விடத்தை முடித்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். லயத்தின் கூரை ஒன்றே என்பதை மறத்தலும் ஆகாது. ஒருவர் தம் காம்பராவுக்கு மேலே மட்டும் தகட்டை உயர்த்திப் போட்டால், அதன் நீர் அடுத்தவர் வீட்டில் இறங்கும். அயலவர்களுக்கிடையே இதனால் மூண்ட சண்டைகள் கொஞ்சமல்ல. பத்துக் குடும்பமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவதே அறிவுடைமை. மேலே ஏறுபவர் சட்டத்தின்மீதுள்ள ஆணிவரிசையிற் கால்வைத்து நடக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டின் நடுவில் மிதித்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு. தகட்டின்மேல் உராயும் மின்கம்பி கூரை முழுதையும் மின்னேற்றிவிடுமாதலால், ஏறுமுன் மின்சாரத்தை நிறுத்திவிடுதல் கட்டாயம். கல்நார்த் தகடு வேய்ந்த வீடுகளில் அதனை உலர்ந்தபடி சுரண்டவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது.

இத்தனையும் குடியிருப்பவர் கடமை என்று சொல்லி முடித்துவிடுவது நீதியாகாது. லயம் தொழிலாளியின் உடைமையன்று. 1972ஆம் ஆண்டும் 1975ஆம் ஆண்டும் செய்யப்பட்ட நிலச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கைமாறிய ஒவ்வொரு முறையும் கூரையின் வயது மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. தன்னுடையதல்லாத வீட்டுக்குத் தன் கைப்பணத்தைச் செலவிட ஒருவர் தயங்குவதிற் குற்றமில்லை. கூரைமாற்றும் திட்டங்கள் அவ்வப்போது நடந்துள்ளன. இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கி, 2017இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தனி வீடு கிடைத்தவர்க்கும் மழை அதே மழைதான். கிடைக்காதவர்க்கோ இருக்கும் கூரையே கூரை. முலாம் தீர்ந்த தகட்டை மாற்றுவது நிருவாகத்தின் செலவு. ஆணி இறுக்குவதும் கரி துடைப்பதும் குடியிருப்போர் செய்யத்தக்கது. எந்தக் காம்பராவில் எத்தனை தகடு என்று எண்ணி, எழுத்தில், தை மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும். வைகாசியிற் கொடுக்கும் மனுவுக்கு மழையே முந்திப் பதில் சொல்லிவிடும்.

கூரையினின்று இறங்கிய நீர் எங்கே போகின்றது என்பது இறுதியான கேள்வி; உயிரைப் பொறுத்த கேள்வியும் அதுவே. லயங்கள் பெரும்பாலும் சரிவை வெட்டிய தட்டிலே நிற்கின்றன. பின்புறத்து மண்திட்டின் அடியில் ஓடும் கான் அடைபட்டால் நீர் நிலத்துள் இறங்கும். மண்துகள்களுக்கிடையே நீர் நிறைந்து அழுத்தும்போது, அவற்றின் பிடி தளர்ந்து சரிவு நகர்கின்றது. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1992இல் வட்டவளைக்கு அருகே மண் நகர்ந்து புகையிரதப் பாதையையே இடம்பெயர்த்தது. நிலத்தின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிடுவதே அதற்குச் செய்யப்பட்ட வைத்தியம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணிற் புதைந்ததை நாடே அறியும்.

ஆகவே கூரைவேலை முடிந்த வாரமே கான் வெட்டும் வேலையைத் தொடங்க வேண்டும். கானின் அடி சீராகச் சரிந்திருத்தல் அவசியம். இடையிற் குழி விழுந்தால் அங்கே நீர் தேங்கி ஊறும். கூரைநீர் அத்திவாரத்தின் அருகில் விழாமல் கற்பதித்த வழியாற் கானைச் சேர வேண்டும். குசினியைப் பெரிதாக்கும் எண்ணத்தோடு மண்திட்டின் அடியை வெட்டுவது மிகுந்த ஆபத்து. மலையின் காலை வெட்டுவதற்கு ஒப்பானது அது. நிலத்தில் புது வெடிப்பு, மரங்களின் சாய்வு, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், நேற்றுவரை எளிதிற் சாத்திய கதவு இன்று இறுகுதல் ஆகியவற்றில் எதனைக் கண்டாலும் பழுதுபார்க்க நில்லாமல் வெளியேற வேண்டும்.

மழையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள பேணியொன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மில்லிமீற்றர்க் கணக்கு. ஒரு நாளைக்கு 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதும், 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும் என்பதும், நாளுக்கு 150 அல்லது ஒரு மணி நேரத்துக்குள் 75 ஆனால் ஆபத்தான சரிவுகளில் இருப்போர் வெளியேற வேண்டும் என்பதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள எல்லைகளாம். பேணியைப் பிரட்டுக்குப் போகுமுன் நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, நீரை ஊற்றிவிட்டு மீண்டும் வைத்தல் வேண்டும். நேற்றைய நீர் அதிற் கிடந்தால் இன்றைய கணக்குப் பொய்யாகிவிடும்.